எடுப்புக்கு முன்னால் ஒரு மூச்சு

மேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் நையாண்டி மேளம் இல்லாமல் திருவிழா கிடையாது. நாகசுரம், தவில், பம்பை, தமுக்கு, தாளம். கோயில் வாசலில் நின்று பல வருஷமாகக் கேட்டு வருகிறேன். மேளம் தொடங்குகிற அந்த நொடியைத் தவறவிடக் கூடாது என்று முன்னால் போய் நின்றுகொள்வேன். மூத்த நாகசுரக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்து, உதட்டில் பொருத்தி, மூச்சை இழுப்பார். தோள் ஒரு விரற்கடை எழும்பும். தவில்காரர் பார்ப்பது அந்தத் தோளைத்தான். அது இறங்கும்போது எல்லாக் கருவியும் ஒரே இடத்தில் விழும். யாரும் எண்ணிச் சொல்வதில்லை; கையும் அசைவதில்லை. அந்த மூச்சு எவ்வளவு நீளமோ அதுதான் காலப்பிரமாணம். அது எவ்வளவு ஆழமோ அவ்வளவு உரக்கத் தொடங்கும் மேளம்.

மேலைச் செவ்வியல் இசையில் இந்தத் தோள் அசைவை ஒரு தனி மனிதரிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் எதையும் வாசிப்பதில்லை. நூறு பேர் முன்னால், சபைக்கு முதுகைக் காட்டி, கையில் ஒரு மெல்லிய கோலுடன் நிற்கிறார். எங்கள் ஊரில் ‘கண்டக்டர்’ என்றால் மதுரை மாட்டுத்தாவணியிலிருந்து வரும் பஸ்ஸில் டிக்கெட் கொடுப்பவர். இசையில் அந்த வேலை செய்பவருக்கு ‘இசை நடத்துநர்’ என்று எழுதிப் பார்க்கிறோம். அந்தச் சொல் இன்னும் வாயில் உட்காரவில்லை. தொழில் ஊன்றாத இடத்தில் சொல் எப்படி ஊன்றும்? அந்தத் தொழிலில் உலகின் உச்சிக்குப் போன இந்தியர் ஒருவர் இருக்கிறார். ஜுபின் மேத்தா. அவருடைய வாழ்க்கையை நான் படிக்கத் தொடங்கியது ஒரே கேள்விக்காக: பம்பாயில் பிறந்த ஒரு பிள்ளைக்கு இது எப்படிக் கைகூடியது, நம் பக்கத்துப் பிள்ளை ஒருவருக்கு ஏன் இன்னும் கைகூடவில்லை?

முதலில் அந்த வேலையின் தேவையைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் கச்சேரியில் பாடுபவருக்குக் கீர்த்தனை முழுதும் தெரியும். வயலின்காரருக்கும் தெரியும், மிருதங்கக்காரருக்கும் அதன் போக்கு தெரியும். தாளத்தைப் பாடுபவரே தொடையில் போடுகிறார்; முன்வரிசையில் இருப்பவர்களும் போடுகிறார்கள். தாளம் அங்கே பொதுச் சொத்து. சிம்பொனியில் அப்படி இல்லை. வயலின்காரர் முன்னால் வயலினுக்கு உரிய தாள் மட்டும் இருக்கும். கொம்பு ஊதுபவருக்குக் கொம்பின் பகுதி மட்டும். பக்கத்தில் இருப்பவர் அடுத்து என்ன வாசிக்கப்போகிறார் என்பது அவருடைய தாளில் எழுதப்பட்டிருக்காது. டுவோர்ஷாக்கின் ‘புதிய உலகிலிருந்து’ சிம்பொனி ஏறக்குறைய 40 நிமிடம் ஓடும். அதில் பெரிய ஜால்ரா ஒலிப்பது ஒரே ஒரு முறை. அந்தக் கலைஞர் அதற்காக நான்காம் பகுதி வரை காத்திருந்து, எண்ணிக்கொண்டே இருந்து, ஒரு தட்டுத் தட்டிவிட்டு உட்கார வேண்டும். எல்லோருடைய பகுதியும் வரிவரியாக அடுக்கப்பட்ட முழு ஸ்கோர் ஒருவரிடம்தான் இருக்கிறது. முழுக் கீர்த்தனையும் தெரிந்த ஒரே ஆள் அவர். அதனால்தான் அவரை முன்னால் நிறுத்துகிறார்கள்.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியின் தொடக்கத்தை, சினிமாவிலாவது கேட்காதவர்கள் குறைவு. மூன்று குறில், ஒரு நெடில். ஆனால் ஸ்கோரில் அந்த மூன்று குறிலுக்கும் முன்னால் ஓர் அரைக்கால் அளவு மௌனம் எழுதப்பட்டிருக்கிறது. தாளம் மௌனத்தில் விழுகிறது. இசை அதற்குப் பின்னால் எழும்புகிறது. நம்முடைய அனாகத எடுப்பு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். சமத்தில் கை விழும், சாகித்தியம் அரை இடம் தள்ளி வரும். பாடகர் தன் கையில் தட்டித் தன் வாயால் எடுப்பதால் நமக்கு அது எளிது. தட்டுவது ஒருவர் கை, எடுப்பது அறுபது வில் என்றால்? கண்டக்டரின் கோல் மேலே போகும் வேகத்திலேயே காலப்பிரமாணம், சத்தத்தின் அளவு, அழுத்தம் மூன்றும் தெரிந்தாக வேண்டும். கோல் கீழே வந்து மௌனத்தின் மேல் விழும்போது எல்லோரும் தீர்மானித்து முடித்திருக்க வேண்டும். பெரிய கண்டக்டர்களே நடுங்கும் இடம் இது. இந்த சிம்பொனி 1808 டிசம்பரில் வியன்னாவில் அரங்கேறியபோது பீத்தோவனே நடத்தினார். ஒத்திகை போதவில்லை, காதும் மந்தமாகிக்கொண்டிருந்தது. அன்றைய நீண்ட கச்சேரியின் கடைசி உருப்படி நடுவில் சிதறி, நிறுத்தி, மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

இனி பம்பாய்க்கு வருவோம். ஜுபினுடைய வாழ்க்கையை அவர் அப்பாவிடமிருந்து தொடங்காமல் சொல்ல முடியாது. மெஹ்லி மேத்தா 1908-இல் பிறந்த பார்சிக்காரர். பெரும்பகுதி தானே கற்று வயலின்காரர் ஆனவர். 1935-இல் பம்பாய் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். மறு வருஷம் ஏப்ரல் 29 அன்று ஜுபின் பிறந்தார். அந்த ஆர்கெஸ்ட்ராவில் பார்சிகள், கோவாக்காரர்கள், ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதர்கள், கடற்படை பேண்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் என்று எல்லாரும் இருந்தார்கள். ஒத்திகை பலநாள் வீட்டிலேயே நடக்கும். பிள்ளை பேச்சுக் கற்றதும் இசை கற்றதும் ஒரே அறையில். 1945-இல் மெஹ்லி, முப்பத்தேழு வயதில், குடும்பத்தை விட்டுவிட்டு நியூயார்க் போய் இவான் கலமியான் என்ற ஆசிரியரிடம் மாணவராக உட்கார்ந்தார். சில வருஷம் கழித்துத் திரும்பினார். அந்த வயதில் மறுபடி சரளி வரிசைக்குப் போகும் துணிவை நினைத்தால் எனக்கு மகனைவிட அப்பாவின் மேல்தான் மதிப்பு கூடுகிறது. பிற்பாடு அவர் லாஸ் ஏஞ்சலிஸில் இளைஞர்களுக்கென்று ஒரு சிம்பொனிக் குழுவை உருவாக்கி, தொண்ணூறு வயது வரை அதை நடத்தினார்.

ஜுபினுக்குப் பதினாறு வயதாகும்போதே அப்பாவின் ஒத்திகைகளில் கோல் பிடிக்க வாய்த்தது. வீட்டார் விருப்பம் டாக்டர் படிப்பு. செயின்ட் சேவியர் கல்லூரியில் அதற்கான வகுப்பில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு, 1954-இல் பதினெட்டு வயதில் வியன்னாவுக்குக் கப்பலேறினார். அங்கே கார்ல் பேம் நடத்தி வியன்னா ஃபில்ஹார்மோனிக் வாசித்த பிராம்ஸின் முதல் சிம்பொனியைக் கேட்டபோதுதான், ஒரு நிறைவான ஆர்கெஸ்ட்ராவின் ஓசை என்ன என்பது அவருக்குத் தெரிந்தது. பம்பாயில் கேட்டதெல்லாம் அந்த ஓசையின் நிழல்.

ஹான்ஸ் ஸ்வாரோவ்ஸ்கி அவருடைய ஆசிரியர். கையை வீசுவதைவிட ஸ்கோரைப் பிரித்துப் படிப்பதைக் கற்றுக்கொடுத்தவர். எத்தனை மாத்திரைக்கு ஒரு வாக்கியம் முடிகிறது, எந்தக் கருவி அடுத்ததற்குக் கைமாற்றுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்வார். பல்லவி பாடுகிறவர் அங்கங்களைப் பிரித்து மனசில் ஏற்றிக்கொள்வதோடு இதை ஒப்பிடலாம். சக மாணவர் கிளாடியோ அப்பாடோ, பின்னாளில் அவரும் உலகப் புகழ் பெற்றவர். பெரிய கண்டக்டர்களின் ஒத்திகைக்கு மாணவர்களை உள்ளே விடமாட்டார்கள். இருவரும் பாடகர் குழுவில் சேர்ந்துகொண்டு, பாடிக்கொண்டே புரூனோ வால்டரையும் காராயானையும் எதிரிலிருந்து பார்த்துக் கற்றார்கள். ஜுபின் டபுள் பாஸ் வாசித்து ஆர்கெஸ்ட்ராவுக்கு உள்ளேயும் உட்கார்ந்தார். கோல் எப்படித் தெரிகிறது என்பதைக் கோலுக்குக் கீழே இருந்து பார்த்தவர் அவர்.

1956-இல் ஹங்கேரியில் எழுச்சி நசுக்கப்பட்டு மக்கள் ஆஸ்திரியாவுக்கு ஓடிவந்தார்கள். வியன்னாவுக்கு வெளியே ஓர் அகதி முகாம். இருபது வயது ஜுபின் ஒரு வாரத்தில் மாணவர்களைத் திரட்டி ஆர்கெஸ்ட்ரா அமைத்து அங்கே போய் நடத்தினார். அவருடைய தொடக்கக் கச்சேரிகளில் ஒன்று இப்படி வீடிழந்தவர்கள் முன்னால் அமைந்தது. பின்னால் வரப்போகிற பலவற்றுக்கும் இதில் வித்து இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதவிகளை வேகமாகவே சொல்லிவிடலாம். 1958-இல் லிவர்பூல் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசு. அதனால் அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவில் ஒரு வருஷம் துணைக் கண்டக்டர் வேலை. அதன்பின் நோய்வாய்ப்பட்ட பெரியவர்களுக்குப் பதிலாக நிற்கும் வாய்ப்புகள். கச்சேரிக்கு வரவேண்டிய வித்துவான் வராதபோது மேடையேறிப் பேர் வாங்கிய கதை நம் இசையுலகத்திலும் உண்டு, அதே கதைதான். 1961-இல் மான்ட்ரியால். 1962-இல், இருபத்தாறு வயதில், லாஸ் ஏஞ்சலிஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர். பதினாறு வருஷம் அங்கே. 1978 முதல் 1991 வரை நியூயார்க். நியூயார்க் விமர்சகர்கள் அவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடவில்லை. ஆனால் பதின்மூன்று வருஷம் நிலைத்தார். 1981-இல் அங்கேதான் ரவிசங்கரின் இரண்டாவது சிதார் கான்செர்ட்டோவான ‘ராக மாலா’வை ரவிசங்கர் வாசிக்க இவர் நடத்தினார். ஆலாபனை செய்யும் ஒருவருக்காக, எழுதியதை மட்டும் வாசிக்கப் பழகிய நூறு பேரைக் காத்திருக்க வைக்கும் வேலை அது. 1998 முதல் 2006 வரை மியூனிக்கில் பவேரிய அரசு ஓபரா. வியன்னாவின் புத்தாண்டுக் கச்சேரியை ஐந்து முறை நடத்தினார். 1990-இல் ரோமில் மூன்று டெனர் பாடகர்கள் சேர்ந்து பாடிய கச்சேரியில் கோல் பிடித்தவரும் இவர்தான்.

இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கோடு அவருக்கிருந்த உறவைப் பதவிப் பட்டியலில் அடக்க முடியாது. 1969-இல் ஆலோசகர், 1977-இல் இசை இயக்குநர், 1981-இல் ஆயுட்காலத்துக்கும் அதே பதவி. 1967 அரபு-இஸ்ரேல் போரின்போது விமானங்கள் நின்றுபோன நிலையில் எப்படியோ போய்ச் சேர்ந்து கச்சேரி நடத்தினார். 1981-இல் டெல் அவிவில் வாக்னரின் இசையைக் கச்சேரி முடிவில் கூடுதல் உருப்படியாக வைத்தபோது சபையில் கூச்சல் எழுந்தது. வதைமுகாமில் குடும்பத்தைப் பறிகொடுத்தவர்கள் அந்தச் சபையில் இருந்தார்கள். வாக்னரின் யூத வெறுப்பும் ஹிட்லர் அவரைக் கொண்டாடியதும் அவர்களால் மறக்க முடியாதவை. விரும்பாதவர்கள் எழுந்து போகலாம் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டுத்தான் மேத்தா தொடங்கினார். ஆனாலும் அவர் செய்தது சரியென்று என்னால் சொல்ல முடியவில்லை. இசைக்கு மதம் இல்லை, எல்லை இல்லை என்று அவர் முழு மனதாக நம்பியவர். ஆனால் கேட்கிறவருடைய காயத்துக்கு எல்லை உண்டு. அதை வரைகிற உரிமை காயப்பட்டவருக்குத்தான்.

அந்த நம்பிக்கையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 1994 ஜூன் மாதம், போரில் முற்றுகையிடப்பட்டிருந்த சரயேவோ. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குண்டுவீச்சில் எரிந்த தேசிய நூலகத்தின் இடிபாட்டுக்குள், அந்த ஊர் ஆர்கெஸ்ட்ராவையும் பாடகர் குழுவையும் வைத்து மோட்சார்ட்டின் ‘ரெக்வியம்’ என்ற இரங்கல் இசையை நடத்தினார். கூரையில்லாத கட்டடம், கரி பிடித்த தூண்கள். வாசித்தவர்கள் முற்றுகைக்குள் வாழ்ந்துகொண்டிருந்தவர்கள். 1999-இல் புக்கன்வால்ட் வதைமுகாம் இருந்த இடத்துக்கு அருகே, பவேரிய ஆர்கெஸ்ட்ராவையும் இஸ்ரேல் ஆர்கெஸ்ட்ராவையும் ஒரே மேடையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்து மாலரின் இரண்டாவது சிம்பொனியை நடத்தினார். ஒரு வரிசையில் ஜெர்மானியர், அடுத்த வரிசையில் இஸ்ரேலியர். இருவரும் ஒரே மூச்சில் தொடங்கியாக வேண்டும். இந்த இரண்டையும் நினைக்கும்போது, பேரும் பணமும் வந்த மேடைகளைவிட இவைதான் அவருடைய உண்மையான மேடைகள் என்று தோன்றுகிறது.

நம் மண்ணிலும் ஒரு நாள் அப்படி நடந்தது. 2004 டிசம்பர் 26 காலையில் வந்த ஆழிப்பேரலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. சரியாக ஒரு வருஷம் கழித்து, 2005 டிசம்பர் 26 அன்று, பவேரிய அரசு ஆர்கெஸ்ட்ராவுடன் மேத்தா சென்னை மியூசிக் அகாதமியில் நினைவுக் கச்சேரி நடத்தினார். மார்கழிக் கச்சேரிக் காலம். தம்பூரா சுருதி நிறைந்திருக்கும் அதே மண்டபத்தில் அன்று ஓபோ என்ற குழல் கொடுத்த சுருதிக்கு நூறு கருவிகள் சேர்ந்தன. சுருதி சேர்ப்பதிலிருந்தே இரண்டு இசைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். நம் சுருதி கச்சேரி முழுக்கப் பின்னால் நிற்கும் தாய். அவர்களுடையது தொடக்கத்தில் ஒரு முறை கேட்டுவிட்டு மனசில் வைத்துக்கொள்ள வேண்டிய வாக்கு. இறந்தவர்களுக்காக எந்த மொழியில் அழுதாலும் சரி என்று ஏற்றுக்கொண்ட சபை அது.

2013 செப்டம்பரில் ஸ்ரீநகர் ஷாலிமார் தோட்டத்தில் அதே ஆர்கெஸ்ட்ராவோடு நடத்திய கச்சேரிக்கு அந்த வரவேற்பு இல்லை. பலத்த காவலுக்கு நடுவே, அழைக்கப்பட்டவர்கள் மட்டும் உட்கார்ந்து கேட்டார்கள். காஷ்மீர் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. அதற்கு மாற்றாக இன்னொரு நிகழ்ச்சியும் நடத்தப்பட்டது. அடுத்த முறை எல்லோரும் வந்து உட்காரும்படி விளையாட்டரங்கில் நடத்த வேண்டும் என்ற விருப்பத்தை மேத்தாவே மேடையில் சொன்னார். அகதி முகாமில் தொடங்கியவருக்கு அந்தக் குறை உறுத்தியிருக்கும் என்றே நம்புகிறேன்.

இவ்வளவு ஊர் சுற்றியும் அவர் இந்தியக் குடியுரிமையை விடவில்லை. பெரிய விருந்துகளுக்கும் தன் மிளகாயைத் தானே கொண்டுபோவார் என்பது அவரை அறிந்தவர்கள் எல்லோரும் சொல்லும் செய்தி. 1966-இல் பத்ம பூஷண், 2001-இல் பத்ம விபூஷண்.

அவர் பம்பாயில் பிறக்காமல் மேலூரில் பிறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். வயலின் கற்கும் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு சாதகம் செய்யலாம். தவில் கற்கும் பிள்ளை தோப்பில் போய்த் தட்டலாம். கண்டக்டருக்கு அந்த வழி இல்லை. அவருடைய வாத்தியம் மனிதர்கள். எண்பது, நூறு பேர், மாதச் சம்பளத்தோடு, ஒரு மண்டபத்தில், வாரம் பல மணி நேரம் ஒன்றாக உட்கார்ந்தால்தான் அந்த வாத்தியம் உண்டாகும். கண்ணாடி முன்னால் கை வீசிப் பழகியவருக்கு, தன் கை சொன்னதை வயலின்கள் எப்படிப் புரிந்துகொள்கின்றன என்பது ஒருபோதும் தெரியாது. ஜுபின் மேத்தாவுக்கு அந்த வாத்தியத்தை அப்பா உருவாக்கி வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அவருடைய திறமையை நான் குறைத்துப் பேசவில்லை. மெஹ்லி இல்லாவிட்டால் அந்தத் திறமை இருந்தது யாருக்கும் தெரிந்திருக்காது என்று மட்டும் சொல்கிறேன்.

தமிழ்நாட்டில் முயற்சிகள் இல்லாமல் இல்லை. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி காலத்திலேயே அரண்மனையில் மேனாட்டு பேண்டு இருந்தது. 1952-இல் ஆகாசவாணி தில்லியில் தேசிய வாத்தியக் குழு அமைத்தபோது, ரவிசங்கரோடு அதை நடத்தியவர் நம் வயலின் வித்துவான் டி.கே. ஜெயராம ஐயர். அப்படிப்பட்ட குழுவுக்காகக் கமகத்தை நொட்டேஷனில் எழுதி இருபது பேர் ஒரே மாதிரி அசைக்கச் செய்வது எவ்வளவு கடினம் என்பதை நாகசுர ஜோடிகளைக் கேட்டவர்கள் அறிவார்கள். இரண்டு பேர் ஒன்றாக அசைக்கவே பத்து வருஷம் சேர்ந்து வாசிக்க வேண்டியிருக்கிறது. எம்.பி. சீனிவாசன் 1970-களின் தொடக்கத்தில் சென்னை இளைஞர் இசைக்குழுவை அமைத்து, பாரதி பாடல்களைப் பல குரல் அடுக்குகளாகப் பாட வைத்தார். அவர் கண்டக்டர் என்ற சொல்லுக்கு முழுப் பொருளில் உரியவர். முறைப்படி இசை படிக்காத பிள்ளைகளை நிற்க வைத்து, கை அசைவால் ஒரே மூச்சுக்குக் கொண்டுவந்தவர். 1988-இல் இலட்சத்தீவில் இறந்தார். அங்கே போனதும் பிள்ளைகளுக்குச் சேர்ந்து பாடக் கற்றுக்கொடுக்கத்தான்.

எங்கள் பழைய மதுரை மாவட்டத்துக்காரர் ஒருவரும் இந்தக் கதைக்குள் வருகிறார். பண்ணைப்புரம் இப்போது தேனி மாவட்டம். 1943-இல் இளையராஜா பிறந்தபோது அது மதுரை மாவட்டம். கட்சி மேடைகளில் அண்ணன் பாவலர் வரதராசனோடு ஆர்மோனியம் வாசித்துத் திரிந்தவர், சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டு இசை கற்றார். அவருக்குக் கிடைத்த ஆர்கெஸ்ட்ரா சினிமா ஸ்டுடியோ. கோடம்பாக்கத்தின் ஒலிப்பதிவுக் கூடங்களில் நாள்தோறும் வயலின் வரிசை காத்திருந்தது. காலையில் எழுதிய ஸ்கோர் மதியத்துக்குள் ஒலித்துக் காதில் விழுந்தது. எழுதியதை அன்றே கேட்டுத் திருத்திக்கொள்ளும் வசதி ஐரோப்பாவிலேயே பல இசைஞர்களுக்கு வாய்க்காதது. மெஹ்லியின் வீடு ஜுபினுக்கு எதுவோ அது இளையராஜாவுக்கு ஸ்டுடியோ. கணினியும் கீபோர்டும் வந்தபின் அந்த வயலின் வரிசை கலைந்துபோனது. அதோடு நம் பிள்ளைகளுக்கு இருந்த ஒரே பயிற்சிக் கூடமும் போயிற்று. இதற்காக நாம் இன்னும் போதிய அளவு வருந்தவில்லை.

1993-இல் லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இளையராஜாவின் சிம்பொனியைப் பதிவு செய்தபோது நடத்தியவர் ஜான் ஸ்காட், அது வெளிவரவில்லை. 2005-இல் வந்த திருவாசகத்தைப் புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ‘வேலியண்ட்’ சிம்பொனி அரங்கேறியது. கோல் மிக்கேல் டாம்ஸ் கையில் இருந்தது. எழுதியவர் நம்மவர். மூச்சைக் கொடுத்தவர்களும் வாசித்தவர்களும் அந்த ஊர்க்காரர்கள்.

மேத்தா 2019 அக்டோபரில் இஸ்ரேல் ஃபில்ஹார்மோனிக்கிலிருந்து விடைபெற்றார். நோயிலிருந்து மீண்ட உடம்பு. நின்று நடத்திய மனிதர் உட்கார்ந்து நடத்தத் தொடங்கியிருந்தார். 2023 ஆகஸ்டில், எண்பத்தேழு வயதில், மும்பைக்கு வந்து இந்திய சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை முதன்முறையாக நடத்தினார். 2006-இல் தொடங்கிய அந்த ஆர்கெஸ்ட்ராவில் வாசிப்பவர்களில் பெரும்பாலோர் கச்சேரிக் காலத்துக்கென்று வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள். அப்பா ஆர்கெஸ்ட்ரா தொடங்கி எண்பத்தெட்டு வருஷம் ஆகியிருந்தது. மேடையில் ஒரு நாற்காலி. மெல்ல நடந்து வந்து உட்கார்ந்து, எதிரே இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கோலைச் சற்றே உயர்த்தினார்.